உரிய வழியாக

சார், ஒரு நிமிஷம். உங்க சட்டைப் பையில இருக்கே, அந்தப் பேனா பச்சை மையா? மூடி பச்சையா இருக்கு, அதான் கேட்டேன். சில பேரு மூடிய மாத்திப் போட்டிருப்பாங்க, நம்பி ஏமாந்துரக் கூடாது பாருங்க. பச்சைதானா? அப்ப நீங்க கெஜட்டட் ஆபீசர்.

நினைச்சேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நீங்க நின்னத வச்சே நினைச்சேன். உங்களுக்காகத்தான் சார் ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறினேன். ஜன்னலோரம் வேணுமா? வேண்டாமா, சரி. எந்தத் துறை சார்? கால்நடையா? ஓ, மாட்டு டாக்டர்.

பரவாயில்ல சார், அதனால என்ன. கெஜட்டட்ல மாடு மனுஷன்னு பிரிவு கிடையாது. மாட்டு டாக்டர் சான்றொப்பம் போட்ட நகல நானே எத்தனையோ வாங்கியிருக்கேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ் சார் நான். வருவாய்த் துறை. தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளராச் சேர்ந்து கண்காணிப்பாளரா வெளிய வந்தேன். பேரு அடைக்கலம். பதினாறு வருஷமா ஓய்வு.

கீரனூர்லயா இறங்குறீங்க? அப்ப முக்கால் மணி நேரம் இருக்கு, போதும். உங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு கையெழுத்து வேணும். இந்தா இருக்கு பாருங்க, இந்த விண்ணப்பத்துல. இல்ல இல்ல, பேனாவ இப்ப எடுக்காதீங்க. முழுசாத் தெரிஞ்சுக்காம ஒரு ஆபீசர் கையெழுத்து போடக் கூடாது. படிக்காமப் போட்டுட்டுப் பின்னால மாட்டிக்கிட்டு முழிச்சவங்கள நான் வரிசையாப் பார்த்திருக்கேன். அதனால சொல்லிடறேன்.

இது எனக்கும் என் பையனுக்கும் நடக்குற கடிதப் போக்குவரத்து. மதிவாணன்னு பேரு, ஒரே பையன். ஓசூர்ல ஒரு கம்பெனியில தரக்கட்டுப்பாடு பார்க்குறான். நாற்பத்தேழு வயசு. முப்பத்து மூணு வருஷமா எழுதிக்கிட்டிருக்கோம் சார். மொத்தம் ஆயிரத்து நூத்திப் பதினேழு கடிதம். அவன் எழுதினது, நான் எழுதினது, நினைவூட்டு எல்லாம் சேர்த்து. வீட்டுல ரெண்டு பீரோ நிறைய இருக்கு. ஒரு தாள் காணாமப் போனதில்ல.

அவன் ஒன்பதாவது படிக்கறப்ப திருச்சியில ஹாஸ்டல்ல சேர்த்தேன். சேர்த்த மூணாம் நாள் ஒரு கடுதாசி வந்துச்சு. 'அன்புள்ள அப்பா, எனக்கு வயிறு வலிக்கிறது, கணக்குப் பரீட்சை வருகிறது, அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.' இவ்வளவுதான். பொருள்னு ஒரு வரி இல்ல, பார்வைன்னு ஒரு வரி இல்ல. மூணு விஷயத்த ஒரே தாள்ல போட்டுக் கலக்கி வச்சிருக்கான். இத நான் எந்தக் கோப்புல சேர்ப்பேன்? திருப்பி அனுப்பிட்டேன். 'ஒரு கடிதத்தில் ஒரு பொருள் மட்டுமே இடம்பெற வேண்டும். தனித்தனியாகச் சமர்ப்பிக்கவும்.'

பையன் கெட்டிக்காரன் சார். ஒரு வாரத்துல மூணு கடிதம் வந்துச்சு, தனித்தனியா. வயித்து வலிக் கடிதம் என் மேஜைக்கு வர்றப்ப வயித்து வலியே நின்னுருச்சு. பாருங்க, முறையாப் போனாப் பாதிப் பிரச்சினை தானாத் தீர்ந்துரும்.

அதுல இன்னொரு குறை இருந்துச்சு. நேரா என் பேருக்கே எழுதிட்டான். ஒரு ஆபீஸ்ல கடைநிலை ஊழியர் நேரா துறைத் தலைவருக்கு எழுத முடியுமா? அவருக்கு மேல யாரு இருக்காரோ அவரு மூலமா, உரிய வழியாத்தான் வரணும். உங்க ஆஸ்பத்திரியில உங்க கம்பவுண்டர் லீவு வேணும்னா நேரா இயக்குநருக்கா எழுதுவாரு? உங்க வழியாத்தானே? அதேதான். மதிவாணனுக்கு உடனடி மேலதிகாரி யாரு? அவங்க அம்மா. என் சம்சாரம், பொன்னம்மை.

அவகிட்ட சொன்னேன். "இனிமே அவன் எழுதுறது உன் பேருக்கு வரும். நீ பார்த்து, 'பரிந்துரைக்கப்படுகிறது'ன்னு எழுதி, கையெழுத்து போட்டு என் மேஜையில வை."

"ஏங்க, பிள்ளை அப்பனுக்கு எழுதுறதுக்கு நான் எதுக்குங்க நடுவுல?"

"நீ நடுவுல இல்ல. நீதான் வழி."

"அப்ப நீங்க யாரு?"

"நான் துறைத் தலைவர்."

அடுப்புல என்னமோ தீயுதுன்னு உள்ள போயிட்டா. ஆனா செஞ்சா சார். அஞ்சாவது வரைக்கும் படிச்சவதான், எழுத்து கோணல் மாணலா இருக்கும். ஒரு நாளும் தவறினதில்ல. வெறும் பரிந்துரையோட நிறுத்த மாட்டா, அது ஒண்ணுதான் குறை. இந்தா, பையில எடுத்துட்டு வந்திருக்கேன், 1993-ம் வருஷத்துது. விடுமுறை கேட்டு எழுதியிருக்கான், கீழ இவ குறிப்பப் பாருங்க. 'பரிந்துரைக்கப்படுகிறது. பையன் இளைச்சிருக்கான். சீக்கிரம் உத்தரவு போடவும். குழம்பு கொதிக்குது.' குழம்பு கொதிக்கிறது அரசு ஆவணத்துல வரலாமா சார்? அரசு ஆவணம் இல்லதான். ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அந்த விடுமுறைய நான் அனுமதிச்சேன்.

டிக்கெட்டா? திருச்சி ஒண்ணு. அங்கிருந்து ஓசூருக்கு வேற பஸ். எங்க விட்டேன்? ஆங், என் தரப்பு. நான் அனுப்புற குறிப்பாணையும் பொன்னம்மை வழியாத்தான் போகும். நான் எழுதி, ஒரு நகல் எடுத்துக் கோப்புல வச்சுட்டு, அசல அவகிட்ட குடுப்பேன். அவ கையெழுத்து போட்டு, கவர்ல வச்சு ஒட்டி, தபால்ல சேர்ப்பா. ஒரு கையெழுத்து போட அரை நாள் எடுத்துக்குவா சார். அடுப்படியில உட்கார்ந்துக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு. எழுத்துக் கூட்டிப் போடுறா போலன்னு நான் தொந்தரவு பண்றதில்ல.

ஆனா ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்ல. தபால் ஆபீஸ்ல எப்பப் பார்த்தாலும் எடை கூடுதலா இருக்குன்னு சொல்லுவாங்க. நான் வச்சது ஒரு தாள். ஒரு தாளுக்கு எப்படி அவ்வளவு எடை வரும்? தராசு சரியில்லன்னு நினைச்சு எழுத்து மூலமாப் புகார் குடுத்தேன். அவங்க என் கண்ணு முன்னால எடைக்கல்ல வச்சுக் காட்டினாங்க, சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் புகார் இன்னும் நிலுவையில இருக்கு. ஒரு தீபாவளிக்கு நான் அனுப்பின கண்டனக் குறிப்பாணை ஒரு கிலோ முன்னூறு கிராம் சார்! சிரிக்காதீங்க. அத வாங்கிக்கிட்டு மதிவாணன் என்ன பதில் எழுதினான் தெரியுமா? 'பார்வையில் கண்ட கண்டனம் கிடைக்கப் பெற்றேன். மிகவும் நன்றாக இருந்தது.' கண்டனம் நல்லா இருந்துச்சுன்னு எழுதின ஊழியர நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. திருந்திட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

2004-ம் வருஷம் வந்துச்சு பாருங்க ஒரு கடிதம். 'பொருள்: திருமணம் – செய்துகொண்டது – பின்னேற்பு வழங்கக் கோருதல்.' தூக்கிவாரிப் போட்டுருச்சு. முதல்ல செஞ்சுட்டு அப்புறம் அனுமதி கேட்குறான். கூட வேலை பார்க்குற பொண்ணாம், ரெஜினான்னு பேரு, வேளாங்கண்ணிப் பக்கம். கீழ பொன்னம்மை எழுதியிருக்கா. 'பரிந்துரைக்கப்படுகிறது. போட்டோ பார்த்தேன். லட்சணமா இருக்கு. பின்னேற்பு வழங்கவும்.' எனக்கு வராத போட்டோ இவளுக்கு எப்படி வந்துச்சு? அதுவும் எனக்கு விளங்கல.

பதினேழு பி போட்டேன் சார். உங்களுக்குத் தெரியாததா, பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 'தலைமையின் முன் அனுமதியின்றித் திருமணம் செய்துகொண்டது, தலைமைக்குத் தகவல் தெரிவிக்காதது, தலைமைக்கு மனவேதனை ஏற்படுத்தியது.' விளக்கம் குடுத்தான். நான் திருப்தி அடையல. விசாரணை அதிகாரியா என் மச்சினன் தங்கராசுவ நியமிச்சேன், அவரு கூட்டுறவு சங்கத்துல இருந்தவரு. எங்க வீட்டுக் கூடத்துல வச்சு விசாரணை. மதிவாணன் ஓசூர்லருந்து வந்து உட்கார்ந்திருந்தான். முதல் சாட்சி பொன்னம்மை. "உனக்கு இந்தத் திருமணம் பற்றி என்ன தெரியும்?"னு தங்கராசு கேட்டாரு. "எலும்புக் குழம்பு வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சு வாங்க"ன்னா. அதையே சாட்சியமாப் பதிவு பண்ணினோம். சாப்பிட்டு எந்திரிச்சதும் தங்கராசு, குற்றம் நிரூபணமாகலன்னு அறிக்கை குடுத்துட்டாரு. குழம்பு வேலை செஞ்சிருச்சு. நான் அறிக்கையோட மாறுபட்டு, மூணு தீபாவளிக்கு வேட்டி சட்டைய நிறுத்தி வச்சு ஆணை போட்டேன். மேல்முறையீடு பண்ணினான். வீட்டுல எனக்கு மேல யாரு இருக்கா? நானே வாங்கி, நானே கேட்டு, நானே தள்ளுபடி பண்ணினேன்.

ஒரு கிலோ முன்னூறு கிராம்னு சொன்னேனே, அது அந்த மூணுல முதல் தீபாவளிதான்.

நீங்க ஏன் சார் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க?

பின்னேற்பு குடுக்கல. குடுக்கலன்னா அந்தப் பொண்ணோட நிலை என்ன? தற்காலிகம். அப்படித்தான் நான் பதிவுல வச்சிருந்தேன். பொங்கல் வாழ்த்து அனுப்பினாக்கூட 'திருமதி ரெஜினா, மருமகள் (தற்காலிகம்)'னுதான் எழுதுவேன். முதல் ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணு அதப் படிச்சுட்டுச் சிரிக்குமாம். பேத்தி பிறந்தா, யாழினி. 'பொருள்: பெண் குழந்தை – பிறந்தது – தகவல் சமர்ப்பித்தல்.' நான் 'தகவல் பதிவு செய்யப்பட்டது'ன்னு பதில் எழுதினேன். பொன்னம்மை அந்தக் கடிதத்துல பரிந்துரை எழுதல. 'நான் போறேன்'னு மட்டும் எழுதி மேஜையில வச்சுட்டு ஓசூர் பஸ் ஏறிட்டா. மூணு மாசம். வழியே அந்தப் பக்கம் போயிட்டதால அந்த மூணு மாசமும் எனக்குக் கடிதம் வரல. கோப்புல அந்தப் பக்கம் காலியா இருக்கும்.

அப்புறம் எப்பவோ ரெஜினா சிரிக்கறத நிறுத்திருச்சு. எந்த வருஷம்னு குறிச்சு வைக்கல.

நார்த்தாமலை விலக்கு தாண்டியாச்சா? இருங்க, வேகமா வர்றேன்.

பொன்னம்மை ரெண்டு வருஷத்துக்கு முன்னால போயிட்டா சார். சிறுநீரகம். இருபத்து மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. மதிவாணனுக்கு நாலு நாள்தான் லீவு. மிச்ச நாள் முழுக்கக் கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சுப் படுத்துக்கிட்டுப் பார்த்தது ரெஜினாதான். குளிப்பாட்டுறது, தலை வாரி விடுறது, எல்லாம். எல்லா ஆபீஸ்லயும் தற்காலிகப் பணியாளருதான் சார் ஜாஸ்தி வேலை பார்ப்பாங்க. நான் கண்ணால பார்த்தது அது.

அவ போன அன்னைக்கு நான் அழுதேன் சார். பதிவு பண்ணல.

காரியம் முடிஞ்சு கிளம்புறப்ப மதிவாணன் என் முன்னால வந்து நின்னான். "அப்பா, இங்க தனியா இருக்க வேணாம். எங்ககூட வந்துருங்க"ன்னான். போகணும்னுதான் இருந்துச்சு. பெட்டி கூட எதுன்னு மனசுல எடுத்து வச்சுட்டேன். ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "எழுத்து மூலமாக் குடு"ன்னு வந்துச்சு. பழக்கம் சார். அவன் தன் பையத் தூக்கித் தோள்ல மாட்டினான். "சரிப்பா"ன்னான்.

எழுதினான். பத்து நாள்ல கவர் வந்துச்சு. எப்பவும் கவர் மேல 'வழி: திருமதி பொன்னம்மை'ன்னு எழுதுவான். இதுல 'வழி:'ன்னு மட்டும் எழுதிப் பக்கத்துல ஒண்ணும் எழுதாம விட்டிருந்தான். காலியா விடக் கூடாது சார், ஒரு கோடாவது போட்டிருக்கணும்.

நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. முப்பது வருஷமா நானே போட்ட விதி. இதுக்கு மட்டும் தளர்த்தினா, முன்னால நான் திருப்பினதெல்லாம் என்ன ஆகும்? பிரிக்காம, 'உரிய வழியாக வரவில்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். பிரிக்கல சார், சத்தியமா. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான். 'அப்பா'ங்கற ஒரு வார்த்தை மட்டும் தெரிஞ்சது. அது படிச்சதா ஆகாது.

மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் திருப்பினேன். பதினோரு தடவை சார். ஒன்றரை வருஷம். போன் பண்ணுவான், "சாப்டீங்களாப்பா"ன்னு கேட்பான், "சாப்பிட்டேன்"பேன். "லெட்டர்..."னு ஆரம்பிப்பான். "வாய்மொழியாப் பேசக் கூடாது"ம்பேன். வச்சுருவான்.

பன்னெண்டாவது வந்துச்சு, இந்த வருஷம் மாசியில. கவர் மேல பார்த்தேன். 'வழி: திருமதி ரெஜினா.' பின்பக்கம் அந்தப் பொண்ணு கையெழுத்து. 'பரிந்துரைக்கப்படுகிறது.' எழுத்து அழகா இருந்துச்சு சார், முத்து முத்தா.

அத மூணு நாள் பிரிக்காம மேஜையில வச்சுருந்தேன். நாலாவது நாள் எழுதினேன். 'பரிந்துரைத்தவர் பணிவரன்முறை செய்யப்படாத தற்காலிகப் பணியாளர். அவருக்கு இவ்வதிகாரம் இல்லை. திருப்பப்படுகிறது.'

அப்படிப் பார்க்காதீங்க சார். விதிப்படி அது சரி. நிரந்தரம் ஆகாத தற்காலிகப் பணியாளர் பரிந்துரைக்க முடியாது, நீங்க யாரை வேணா கேளுங்க.

அதோட நின்னுருச்சு. கடிதமும் வரல, போனும் வரல. நாலு மாசமாச்சு. நினைவூட்டு ஒண்ணு அனுப்பினேன், பதில் இல்ல. நினைவூட்டு ரெண்டு அனுப்பினேன். அதுவும் சரியான எடையிலதான் போச்சு, இப்பல்லாம் நானே ஒட்டுறேன்.

போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். காலையில ஆறு மணிக்கு. பால்காரம்மா வந்து கதவத் தட்டுற வரைக்கும் தரையிலயே கிடந்தேன். எலும்பு ஒண்ணும் முறியல, இடுப்புல ரத்தம் கட்டிருச்சு, அவ்வளவுதான். ஆனா கிடந்தப்ப ஒரு யோசனை வந்துச்சு. இப்பவே நான் போயிட்டேன்னா தகவல் மதிவாணனுக்கு எப்படிப் போகும்? நானே எழுத முடியாது. பொன்னம்மை இல்ல. பால்காரம்மா போன் பண்ணினா அது வாய்மொழி. எப்படி யோசிச்சாலும் ஒரு வழி கிடைக்கல சார். ஈரத் தரையில கிடந்துக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சு. செத்துருவோம்னு இல்ல. அவன் அந்தக் கவருக்குள்ள என்ன எழுதியிருந்தான்னே தெரியாமப் போயிருவோமேன்னு.

எந்திரிச்சு உட்கார்ந்ததும் முதல் வேலையா இத எழுதினேன். அவனுக்கு நான் எழுதுற விண்ணப்பம். ஆணை இல்ல, குறிப்பாணை இல்ல, விண்ணப்பம். வாழ்க்கையில முதல் தடவை. படிக்கட்டுமா? 'பொருள்: பணியிட மாறுதல் – புதுக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு – கோருதல். பார்வை: தங்களின் கடிதங்கள் பன்னிரண்டு, எண் மற்றும் நாள் தெரியவில்லை. ஐயா, பார்வையில் கண்ட கடிதங்களில் தாங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்பது தெரியாது. அது நான் நினைப்பதாக இருப்பின், அதனை ஏற்று, மீதமுள்ள காலத்தைத் தங்கள் இல்லத்தில் கழிக்க அனுமதி வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.'

பஸ் இரைச்சல்ல சரியாக் கேட்டுச்சா? 'பணிந்து'ன்னு போட்டிருக்கேன்.

இப்பச் சிக்கல் எங்கன்னு புரியுதா? இதுல நான் துறைத் தலைவர் இல்ல. நான் விண்ணப்பதாரர். அந்த வீட்டுக்கு அவன்தான் தலைமை. அப்ப நானும் உரிய வழியாத்தானே போகணும்? எனக்கு மேல யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. மேலதிகாரி இல்லாத நேர்வுல யாராவது ஒரு கெஜட்டட் அலுவலர் பரிந்துரைச்சாப் போதும்னு நானே முடிவு பண்ணி, இந்தா, 'வழி: கெஜட்டட் அலுவலர்'னு தட்டச்சு பண்ணி இடம் விட்டு வச்சிருக்கேன். வெறுங்கையோட போய் மணி அடிக்கலாம்தான். அடிச்சா, அவன் 'உரிய வழியாக வரவில்லை'ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டா? சாத்துறதுக்கு அவனுக்கு முழு உரிமை இருக்கு சார். பன்னெண்டு முன்னுதாரணம் இருக்கு. எல்லாம் என் கையெழுத்து.

இணைப்பா? ஆமா, ஒரு இணைப்பு இருக்கு. அதையும் படிச்சுட்டே போடுங்க. அது ரெஜினா விஷயமா நான் போட்ட ஆணை. இருபத்தோரு வருஷமா நிலுவையில கிடந்தது. 'திருமதி ரெஜினா, மருமகள் (தற்காலிகம்), அவர்களின் பணி, அன்னாரின் நேர்மை, உழைப்பு, குறிப்பாக மருத்துவமனையில் ஆற்றிய இருபத்து மூன்று நாள் சேவை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, திருமண நாளிலிருந்து முன்தேதியிட்டு வரன்முறை செய்யப்படுகிறது.' அடைப்புக்குறிய எடுத்துட்டேன் சார். இனிமே வெறும் மருமகள்தான். இத எழுத எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு. மன்னிப்புக் கேட்குறதுக்கு எந்தக் கையேட்டுலயும் மாதிரிப் படிவம் இல்ல, நான் தேடிப் பார்த்தேன்.

பேனாவ எடுத்தாச்சா? இங்க, இந்த இடத்துல. பேரு, பதவி, முத்திரை இல்லன்னா பரவாயில்ல.

என்ன சார்? எந்தத் தேதியிலருந்து அமலுக்கு வருதுன்னா? அதான் எழுதியிருக்கேனே, 2004 ஜூன் பத்து. முன்தேதியிட்டு.

ஆமா, முன்தேதியிட்டா அன்னையிலருந்தே நிரந்தரம்னுதான் அர்த்தம். ஆமா, இடையில பார்த்த சர்வீஸ் எல்லாம் கணக்குல வரும். அதிகாரமும் வரும், ஏன் வராது? அன்னையிலருந்து எல்லா அதிகாரமும் உண்டு. கையெழுத்து போடுற அதிகாரம், பரிந்துரைக்குற...

சார்.

பேனாவ மூடுங்க சார். கொஞ்சம் இருங்க.

அப்படின்னா மாசியில வந்த பன்னெண்டாவது கடிதம்? அதப் பரிந்துரைச்சப்ப அவ நிரந்தரம். அப்ப அது உரிய வழியாத்தான் வந்திருக்கு. முறையா, சரியா, முத்து முத்தா எழுதி வந்திருக்கு. நான்தான் முறை தவறித் திருப்பியிருக்கேன்.

முப்பத்தாறு வருஷம் எத்தனை பேரோட தப்பக் கண்டுபிடிச்சிருக்கேன், எத்தனை பேரு இன்கிரிமென்ட்ட நிறுத்தியிருக்கேன். என் தப்பு என் கண்ணுல படல பாருங்க. ஒரு மாட்டு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கு. கோவிச்சுக்காதீங்க, மரியாதையாத்தான் சொல்றேன். இதுக்கு என் மேலதான் சார் பதினேழு பி போடணும். குற்றச்சாட்ட நானே சொல்லிடுவேன். விசாரணையெல்லாம் வேண்டாம், ஒத்துக்கறேன். நல்லபடியா வந்த கடுதாசிய ரெண்டு தடவ திருப்பிட்டேன் சார். ஒரு தடவ தபால்ல. ஒரு தடவ அவன் நேர்ல வந்து நின்னு கேட்டப்ப.

கீரனூர் வந்துருச்சு போல, கண்டக்டர் குரல் குடுக்குறாரு. உங்க பையப் பாருங்க, மருந்து பாட்டில் ஏதோ உருளுது. இல்ல சார், கையெழுத்து வேண்டாம். நீங்க போட்டா அது செல்லாது. இப்ப எனக்கு உரிய வழி இருக்கே. அந்த வீட்டுல பரிந்துரைக்குற அதிகாரம் யாருக்கு? ரெஜினாவுக்கு. இருபத்தோரு வருஷமா அவளுக்குத்தான். இந்தா, 'கெஜட்டட் அலுவலர்'ங்கறத அடிச்சுட்டேன். என் நீல மையில. 'வழி: திருமதி ரெஜினா, மருமகள்.' இப்பச் சரியா இருக்கா?

இறங்குங்க, இறங்குங்க, மாடுங்க காத்துக்கிட்டிருக்கும். நான் ஜன்னல் வழியாச் சொல்றேன். கதவ அவதான் சார் திறப்பா, அவன் வேலைக்குப் போயிருப்பான். நான் அவ கையில குடுத்துருவேன். அவ வெறும் கையெழுத்தோட நிறுத்த மாட்டா. குறிப்பு எழுதுவா. இருபத்தோரு வருஷத்துது இருக்குல்ல அவகிட்ட, எழுதட்டும். என்னப் பத்தி என்ன வேணா எழுதட்டும். அரை நாள் ஆகட்டும், ரெண்டு நாள் ஆகட்டும், அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு எழுதட்டும். நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். பொன்னம்மைகிட்டயும் கவர்ல கூட என்ன எழுதி வச்சேன்னு நான் கேட்டதில்ல சார், முப்பது வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. இவகிட்டயும் நகல் கேட்க மாட்டேன்.